சேர்த்து வைத்த ஆமைகள்

முதல் ஆமை எங்கள் வீட்டுக்கு வந்தது 1996ஆம் ஆண்டு நவம்பர் மழையில். ஜுருவில் அப்போது நெடுஞ்சாலையின் டோல் சாவடிக்கு ஒரு பக்கம் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் மிச்சமிருந்த செம்பனை. நாங்கள் அந்த மிச்சத்தில் குடியிருந்தோம். குலை வெட்டப் போன மாமா மதியம் திரும்பும்போது மோட்டார் கூடையில் கறுப்பாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அல்லூரில் கிடந்ததாம்.

"கல்லா மாமா?"

"தட்டிப் பாரு."

தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சீறல் வந்தது. தலை இல்லை, கால் இல்லை, வால் இல்லை. திருப்பிப் பார்த்தால் வயிற்றுப் பக்கமும் மூடிக் கிடந்தது. குறுக்கே ஒரு கோடு மட்டும். தகரப் பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி.

பாட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா. கொண்டு போயி விட்டுட்டு வா."

"நம்மகிட்ட என்ன இருக்குன்னு அமீனா வரப்போறான்மா? வீடே தோட்டத்துது" என்றார் மாமா.

ஆமை தங்கிவிட்டது. துணி துவைக்கும் பிளாஸ்டிக் பேசினில் பாதித் தண்ணீர், நடுவில் ஒரு செங்கல். இரண்டு வாரம் கழித்து மாமா இன்னொன்றையும் கொண்டு வந்தார். இந்த முறை பாட்டி எதிர்க்கவில்லை. "ஒண்ணு ஒண்டியா கெடந்தா ஏங்கிப் போயிடும், பாவம். சேத்து வையி" என்று அவரே சொன்னார்.

வீட்டில் எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. ஒன்பது வயதில் எனக்கும். இத்தனை வருடம் கழித்து அந்த ஒரு வாக்கியத்தின் வரலாற்றைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'தனியாக இருந்தால் பாவம், சேர்த்து வை.' ஆமைகள் விஷயத்தில் இதைவிட அன்பான வாக்கியம் இல்லை. அதிகம் கெடுதல் செய்த வாக்கியமும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நெஞ்சு உடைந்த ஆமை

மாமா கொண்டு வந்ததை மலாய்க்காரர்கள் 'கூரா-கூரா கத்துப்' என்பார்கள். கத்துப் என்றால் மூடிக்கொள்வது. 'பாத்தா டாடா' என்று இன்னொரு பெயரும் உண்டு. நெஞ்சு உடைந்தது என்று பொருள். ஆமையின் அடி ஓடு பொதுவாக ஒரே பலகையாக அசையாமல் இருக்கும். இதற்கோ நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கீல் இருக்கிறது. முன்பாதியும் பின்பாதியும் கதவுபோல் மேலெழுந்து ஓட்டை முழுக்க அடைத்துவிடும். ஆங்கிலத்தில் இதைப் 'பாக்ஸ் டர்ட்டில்' என்கிறார்கள். நாம் பெட்டி ஆமை எனலாம்.

இதன் அறிவியல் பெயர் குவோரா அம்பொயினென்சிஸ். இந்தோனேசியாவின் அம்போன் தீவின் பெயரால், பிரெஞ்சு விலங்கியலாளர் தோதென் 1801இல் வெளியிட்ட நூலின் வழியாக வந்த பெயர். ஆனால் இது அம்போனுக்கு மட்டும் உரியது அல்ல. அசாம், வங்கதேசம் தொடங்கி நிக்கோபார், மலாயா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. கறுத்த, உயர்ந்து வளைந்த ஓடு. தலையின் பக்கவாட்டில் மஞ்சள் கோடுகள். வளர்ந்தால் சுமார் இருபது சென்டிமீட்டர். சேற்றுக் குட்டை, வயல், வாய்க்கால், மெதுவாக ஓடும் சிற்றாறு என்று ஆழமில்லாத நீரில் வாழும், அவ்வப்போது கரையேறி நடக்கும்.

அமெரிக்காவிலும் பெட்டி ஆமை உண்டு. அது டெராபீன் என்ற வேறு இனம், வேறு குடும்பம். இரண்டுக்கும் கீல் தனித்தனியாகத்தான் தோன்றியது. அமெரிக்கப் பெட்டி ஆமை பெரும்பாலும் காட்டுத் தரையில் உலவுவது. நம்முடையதோ குவோரா வகைகளிலேயே தண்ணீரை அதிகம் நம்பியிருப்பது. பெயர் ஒன்றாக இருப்பதால், ஒன்றுக்கு எழுதிய வளர்ப்புக் குறிப்பை மற்றதுக்குப் பின்பற்றி, ஆசிய ஆமையைக் காய்ந்த மரத்தூளில் வைத்துக் கொன்றவர்கள் நிறைய. எங்கள் தவறு அதற்கு நேர் எதிரானது. நாங்கள் தண்ணீரை மட்டும் கொடுத்தோம், தரையைக் கொடுக்கவில்லை.

தாயின் முகம்

வள்ளுவர் ஐம்புலனையும் அடக்குவதற்கு ஆமையை உவமை சொன்னதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கும் முந்தைய இன்னொரு ஆமை நம்மிடம் உண்டு. சங்கப் பாடல்களில் அது 'யாமை'. குறுந்தொகையின் 152ஆம் பாடலில் கிள்ளிமங்கலங்கிழார் காமத்தை ஆமைக் குஞ்சோடு ஒப்பிடுகிறார். தாய் முகத்தைப் பார்த்தே குஞ்சு வளர்கிறது, தாய் இல்லாவிட்டால் முட்டைக்குள்ளேயே அழிந்துபோகிறது என்ற நம்பிக்கை அந்த உவமைக்குள் இருக்கிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியாரும் பொய்கை ஆமையின் குஞ்சு தாய் முகம் நோக்கி வளர்வதைச் சொல்கிறார்.

முதல்முறை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பார்வையாலேயே பிள்ளை வளர்க்கும் ஓர் உயிர்!

ஆனால் ஆமை அப்படி இல்லை. பெட்டி ஆமை ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, மிஞ்சினால் நாலு இடும். மண்ணையோ இலைச் சருகையோ தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவர இரண்டரை, மூன்று மாதம் ஆகும். வெளிவரும் நாளில் தாய் எங்கே என்று அதற்குத் தெரியாது, தேடவும் தேடாது. பிறந்த நிமிடத்திலிருந்து தனி. அதன் உடம்பே அதற்கேற்ப அமைந்திருக்கிறது. தன்னைச் சுமந்து, தன்னை மூடி, தன்னோடு இருக்க.

புலவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் எழுதியது பிரிவைப் பற்றி, ஆமை உயிரியலைப் பற்றி அல்ல. நான் கவனிப்பது வேறு. குடும்பம் இல்லாமல் ஓர் உயிர் நிம்மதியாக இருக்க முடியும் என்பதை நம் கற்பனை இரண்டாயிரம் வருடமாக ஒத்துக்கொள்ளவே இல்லை. பாட்டி சங்க இலக்கியம் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்ன 'பாவம்' அங்கிருந்துதான் வருகிறது.

ஆமை புகுந்த வீடு பற்றிய பழமொழியையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். அது 'ஆம்பி பூத்த வீடு' என்பதன் மருவல் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆம்பி என்றால் காளான். காளான் பூத்துக் கிடக்கும் ஈர வீடு உருப்படாது என்பது நியாயமாகத்தான் இருக்கிறது. எது சரியோ, எங்கள் லயத்து வீட்டில் மழைக்காலத்தில் ஆம்பியும் பூத்தது, ஆமையும் புகுந்தது.

அல்லூரின் கதை

ஆமைக்கு அந்த அல்லூர் எப்படிக் கிடைத்தது?

1786இல் பினாங்குத் தீவைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1800இல் எதிர்க்கரையிலிருந்த நிலப்பட்டையையும் கெடா சுல்தானிடமிருந்து பெற்றது. அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள். இன்று செபராங் பிறை. கடலோரம் முழுக்கக் கண்டல் காடும் சதுப்பும். முதலில் சீனர்கள், 1840களிலிருந்து வெள்ளைக்காரர்கள் என்று கரும்புத் தோட்டம் போட்டார்கள். சதுப்பில் கரும்பு நிற்க வேண்டுமானால் நீரை வடிக்க வேண்டும். வரப்பு கட்டி, வாய்க்கால் வெட்டினார்கள். ஐரோப்பியர் தோட்டங்களில் அந்த வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. பயிர் மாறியது, வாய்க்கால் மாறவில்லை.

சதுப்பை இழந்த ஆமைகள் அந்த வாய்க்கால்களுக்குள் வந்தன. பெட்டி ஆமை பிடிவாதக்காரன் இல்லை. காடுதான் வேண்டும் என்று கேட்காது. ஆழமில்லாத நீர், கரையில் கொஞ்சம் புல், நத்தை, மண்புழு, உதிர்ந்த பழம் இருந்தால் போதும். தமிழன் வெட்டிய அல்லூரில் மலாயா ஆமை குடியேறியது. இருவரையும் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று யாரும் சொன்னதில்லை.

1970களில் பிறை தொழிற்பேட்டை வந்தது. கழிவுகள் ஜுரு ஆற்றில் இறங்கின. ஆற்று வாயிலுள்ள கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பு கெட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குக்கு வந்தவர், 2019இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மீன் இழந்த அம்மீனவர்கள் கூட்டுறவு அமைத்துச் சிப்பி வளர்க்கத் தொடங்கினார்கள். மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் ஜுருவின் பெயர் இடம்பெறுவது இதனால்தான். எங்கள் அல்லூரும் கடைசியில் அந்த ஆற்றில்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசியவர்கள் அளவுக்கு அல்லூரைப் பற்றிப் பேச ஆளில்லை.

பேசின்

இனி அந்த பேசினுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு ஆமையும் எப்போதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வந்தோம். "கொஞ்சிக்குது" என்று சிரித்தோம். ஒன்று இன்னொன்றின் கழுத்தைக் கடிக்கும். "முத்தம் குடுக்குது." கடிபட்டது மூடிக்கொண்டு மூலையில் கிடக்கும். "தூங்குது." சோறு போட்டோம், பிஸ்கட் போட்டோம். பெரியது முதலில் வந்து தின்னும். சின்னது வராது. "அதுக்குப் பசி இல்ல."

இதை எழுதும்போது அந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

அவை ஏறிக் கிடந்தது கொஞ்சலில் அல்ல. பேசினில் காய்ந்த இடம் என்று இருந்தது ஒரு செங்கல். இரண்டு பேருக்கும் அதே செங்கல்தான் வேண்டும். முத்தம் என்று நாங்கள் நினைத்தது சண்டை. ஆண் பெட்டி ஆமைக்கு அடி ஓடு கொஞ்சம் உள்குழிந்திருக்கும், வால் நீண்டு தடித்திருக்கும். பெண்ணுக்கு அடி ஓடு தட்டை, வால் சின்னது. எனக்கு நினைவிருக்கும் வரையில் எங்களுடையவை இரண்டும் ஆண். இரண்டு ஆணை ஒரே தொட்டியில் வைப்பதுதான் இந்த ஆமை வளர்ப்பில் செய்யவே கூடாத முதல் காரியம். காட்டில் தோற்றது நடந்து போய்விடும். பேசினில் எங்கே போகும்? தன்னையே மூடிக்கொள்ளும். அது தூக்கம் இல்லை. அதற்கு இருந்த ஒரே கதவு.

சேர்த்து வளர்க்கவே முடியாதா என்றால், முடியும். ஒரு ஆணும் இரண்டு மூன்று பெண்ணும் என்றால் ஓரளவுக்கு. அல்லது பெண்கள் மட்டும். அதற்கும் இடம் வேண்டும். பேசின் அளவு அல்ல, ஒரு சின்னத் தோட்டம் அளவு. ஓட்டு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் நீர், அதிலிருந்து சரிவாக ஏறிப் போகும் தரை. ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கக் கட்டை, செடி, ஓடு. தீனியைத் தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும். புதிதாக வருவதைச் சில மாதம் வேறு தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும். வேறு நாட்டு ஆமையோடு கலக்கவே கூடாது. ஒன்றுக்குப் பழகிப்போன கிருமி இன்னொன்றைக் கொன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, எப்போதும் ஒரு தொட்டி காலியாக இருக்க வேண்டும். சண்டை வந்த அன்றே பிரிப்பதற்கு.

வெயிலும் வேண்டும். ஆமையின் தோல் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரைக் கொண்டுதான் வைட்டமின் டி தயாரிக்கிறது. அது இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகும். எங்கள் பேசின் இருந்தது குளியலறைக்குப் பின்னால், நிழலில். கீரை, பழம், நத்தை, மண்புழு, சின்ன மீன் எல்லாம் தின்னும் பிராணிக்கு நாங்கள் கொடுத்தது சோறு.

மூன்றாம் மாதம் சின்னது ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. மூக்கில் குமிழி. நுரையீரல் கெட்டதற்கு அது அடையாளம் என்று இப்போது தெரியும். அப்போது, "நீச்சல் பழகுது" என்று யாரோ சொன்னார்கள். ஒரு காலையில் ஓடு திறந்தே கிடந்தது. மூடிக்கொள்ளவில்லை. பாட்டி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

குளம்

மிஞ்சிய ஆமையை என்ன செய்வது? அல்லூரில் கொண்டு விட்டிருக்கலாம். ஐந்து நிமிட நடை. யாருக்கும் அது தோன்றவில்லை. "மறுபடி தனியா விடுறதா? நெறைய ஆமை இருக்கற எடத்துல விடுவோம்" என்றார் அம்மா. பட்டர்வொர்த்துக்கு பஸ், அங்கிருந்து பெரி, திரும்பவும் பஸ். மடியில் மைலோ டின் வைக்கும் அட்டைப்பெட்டியோடு ஆயர் ஈத்தாம் போனோம்.

கெக் லோக் சி கோயிலைப் பார்க்காத பினாங்கு ஆள் இருக்க மாட்டார். சீனாவின் பூஜியான் மாநிலத்திலிருந்து வந்த பியோ லியன் என்ற துறவி 1890களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி, 1905இல் முடித்த கோயில். ஏழடுக்கு கோபுரம் 1930இல் முடிந்தது. மலையேறும் வழியில் ஒரு குளம் உண்டு, உயிர் விடுவிக்கும் குளம். பிடிபட்ட உயிரை வாங்கி விடுவிப்பது சீன பௌத்தத்தில் பழைய புண்ணியம். மிங் காலத்துத் துறவி யுன்சி சூஹொங் (1535–1615) அதை மக்களிடையே பெரிய இயக்கமாகவே பரப்பினார். ஆமை நீண்ட ஆயுளின் சின்னம். அதை விடுவித்தால் விடுவித்தவருக்கும் ஆயுள் கூடும் என்பது நம்பிக்கை.

குளத்தருகே கங்கோங் கீரைக் கட்டு விற்றார்கள். கட்டை நீட்டினால் நூற்றுக்கணக்கான கழுத்துகள் எட்டின. காய்ந்த இடமெல்லாம் ஆமைமேல் ஆமை. எங்கள் பேசினைப் பெரிதாக்கிய மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு அப்போது சந்தோஷம்தான். இனி இது தனியாக இருக்காது.

பெட்டியைச் சாய்த்தோம். அது மூடிக்கொண்டே நீரில் விழுந்தது. எந்தக் கூட்டத்துக்குள் போனது என்று தெரியவில்லை.

கோயிலைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அந்தக் குளத்தை நிரப்பியது எங்களைப் போன்றவர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமைகள் அங்கே ஏராளம். அவை மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. 1975இல் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை விற்கத் தடை வந்தது. குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா கிருமி தொற்றியதால். உள்ளூரில் விற்க முடியாத பண்ணைகள் லட்சக்கணக்கில் வெளிநாட்டுக்கு அனுப்பின. எண்பதுகளின் கடைசியில் நிஞ்சா ஆமை கார்ட்டூன் வந்தது, எங்கள் தலைமுறைக்கு ஆமை பைத்தியம் பிடித்தது. ஐம்பது காசு அகலக் குட்டி, தட்டளவு பெரிதானதும் வீட்டில் இடமில்லை. கொன்றால் பாவம், ஆகவே குளம். குளம் இல்லாவிட்டால் ஆறு. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்கள் என்ற பட்டியலில் அது இன்று இருக்கிறது.

பெட்டிக்குள் பெட்டி

சின்னது செத்த பிறகு மாமா ஆமை பிடிப்பதை விடவில்லை. அந்த வருடம் மோட்டாரில் ஒருவர் வரத் தொடங்கினார். எடை போட்டு வாங்குவார். தோட்டத்தில் பலரும் விற்றார்கள். ஆமை விற்ற வாரம் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. அவர் எங்கே கொண்டு போகிறார் என்று கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சீனாவில் பணம் புழங்கத் தொடங்கியதும் இறைச்சிக்கும் மருந்துக்கும் தென்கிழக்காசியாவின் ஆமைகள் டன் கணக்கில் வடக்கே போயின. 1999 டிசம்பரில் ஆய்வாளர்கள் நோம் பென்னில் கூடி இதை ஆசிய ஆமை நெருக்கடி என்றே பேசினார்கள். 2000இல் குவோரா இனம் முழுவதும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2001 டிசம்பரில் ஹாங்காங்கில் சுமார் 10,000 ஆமைகள் ஒரே சரக்கில் பிடிபட்டன. அடுக்கடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று. அவற்றில் எங்கள் பெட்டி ஆமையும் இருந்தது. சபீன் ஷோப்பே என்ற ஆய்வாளர் டிராஃபிக் அமைப்புக்காக மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இந்த ஆமை வணிகத்தை ஆராய்ந்தார். இந்தோனேசியாவில் சட்டவிரோத வணிகம் அனுமதித்த அளவைப்போல் 10 முதல் 100 மடங்கு இருக்கும் என்று 2009இல் அவர் எழுதினார்.

பினாங்குக்கும் இதில் தனி இடம் உண்டு. உலகம் அறிந்த ஊர்வனக் கடத்தல்காரர் அன்சன் வோங் பினாங்குக்காரர். 1998இல் மெக்சிகோவில் பிடிபட்டு, 2001இல் அமெரிக்காவில் 71 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2010இல் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவருடைய பெட்டி உடைந்தது. உள்ளே 95 போவா பாம்புகள், இரண்டு விரியன்கள், ஒரு தென் அமெரிக்க ஆமை. ஒரே பயணப்பெட்டி.

தமிழ்நாட்டுக்கும் நமக்கும் நடுவில்கூட ஓர் ஆமைத் தடம் ஓடுகிறது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் மலேசியாவுக்குப் போகவிருந்த நட்சத்திர ஆமைகள் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. எதிர்த்திசையில் சிவப்புக் கோட்டு ஆமைக் குட்டிகள் சென்னைக்குப் போகின்றன. 2019இல் நட்சத்திர ஆமை சைட்ஸின் முதல் பட்டியலுக்கு ஏறியது. பாட்டியின் அப்பா ராஜுலா கப்பலில் மேல்தளத்து நெரிசலில் வந்தவர். அந்தக் கதையை வீட்டில் நூறு முறை கேட்டிருக்கிறேன். நெரிசல் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

சட்டத்தின் கதை விசித்திரமானது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் 'ஆமைகளும் ஆற்று மீன்பிடியும்' என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியலமைப்பில் ஆமைக்குப் பெயரோடு இடம்! ஆனால் அந்த இடம் அதைக் காப்பாற்ற அல்ல, அது யார் கணக்கில் வரும் என்று சொல்ல. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (716) வந்த பிறகுதான் பெட்டி ஆமை பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஆனது. உரிமம் இல்லாமல் அதைப் பிடிக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது. பாட்டியின் பழமொழி இப்போது நேரடியாகவே பலிக்கும். ஆமை புகுந்த வீட்டுக்குப் பின்னாலேயே அதிகாரியும் புகுவார். உலக அளவில் இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனம்.

சாலையில்

தோட்டம் போய்விட்டது. பாட்டியும் மாமாவும் இல்லை. நான் இன்னும் ஜுருவிலேயே, அடுக்கு வீட்டில் இருக்கிறேன். போன வருடக் கடைசியில் ஒரு மழை விட்ட சாயங்காலம், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது சாலை நடுவில் கறுப்பாக ஒன்று. லாரி ஒன்று விலகிப் போனது. காரை ஓரம் கட்டினேன்.

மூடிக்கொண்டிருந்தது. ஓட்டின் ஓரத்தில் பழைய விரிசல் ஒன்று ஆறிப் போயிருந்தது. கையில் எடுத்தபோது அந்தச் சீறல். இருபத்தைந்து வருடம் கழித்தும் அதே சத்தம்.

"ம்மா, தனியா இருக்கு. பாவம். வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

நான் அவளுக்கு யாரிடமிருந்தும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை?

"அது எங்கயோ போயிக்கிட்டு இருக்கும்மா" என்றேன். "நம்ம வேல, ரோட்டத் தாண்டி விடுறது மட்டுந்தான்."

பெட்டி ஆமைக்கு ஊர் உண்டு. தனக்குப் பழகிய நீர், பழகிய கரை. கண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, அது பார்த்திருந்த திசையிலேயே சாலைக்கு அப்புறம் வைக்க வேண்டும். வேறு குளத்துக்குக் கொண்டு போனால், அது திரும்பி வரப் பார்க்கும். காயம் இருந்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆமைகள் தேவைப்பட்டன.

புல்லில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றோம். கிட்ட நின்றால் திறக்காது. பத்து நிமிடம். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. மஞ்சள் கோடு தெரிந்தது. மூக்கு. அப்புறம் ஒரு கால். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகச் சரிவில் இறங்கி வாய்க்காலுக்குள் போனது. கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தகர வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குப் பின்னால் மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தது ஒரு இயந்திரம். எதற்கு என்று பலகை எதுவும் இல்லை. மகள் கேட்டாள், "அதோட வீடு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

வாய்க்கால் இன்னும் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.